பாவாத்தாளின் இடது கன்னம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில், மஞ்சள் தழை அறுப்புக்கு முந்தின வாரம், எண்பது பேர் கொண்ட சினிமாக் கம்பெனியும் மாரப்பாளையம் மொத்தமும் சுற்றி நின்று பார்க்க, பத்தொன்பது வயதுப் பாவாத்தாளின் இடது கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் படம் எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் ஓடினாலும், ஓடுகிற அதே நிமிஷத்தில், அவள் எங்கே இருந்தாலும் என்ன செய்துகொண்டிருந்தாலும், அந்த அறை மறுபடி அவள் கன்னத்தில் வந்து விழுந்தது. படத்தின் பெயர் ‘மஞ்சக்காட்டு மாப்பிள்ளை’. அவளுக்கு அதில் ஒரே காட்சி. காட்டுவேலைக்கு வந்த கூலிக்காரப் பெண் முதலாளி மகனை எதிர்த்துப் பேசுகிறாள், அவன் ஓங்கி அறைகிறான், அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான்.

படம் சித்திரையில் வந்தது. அர்த்தநாரி டாக்கீஸில் முதல் பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரம் பாவாத்தாள் வாசலில் உட்கார்ந்து துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். படாரென்று விழுந்த அடியில் முறம் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போய் விழுந்தாள். நிமிர்ந்து உட்காருவதற்குள் இன்னொன்று விழுந்தது, அப்புறம் இன்னொன்று. ஏனென்றால் கொட்டகையில் விசில் பறந்து, ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டு, ஆபரேட்டர் ரீலைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆத்தாள் வேப்பிலையை எடுத்து மந்திரித்தாள். கம்பவுண்டர் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார். நாலு நாள் போனதும், இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கன்னம் சிவக்கிறது என்ற விஷயம் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது.

பிடிபட்டதும் ஊர் என்ன செய்தது என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. படத்தில் இருப்பது அவள்தானே, அப்புறம் அடி அவளுக்கு விழாமல் வேறு யாருக்கு விழும் என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள். படத்துக்குத் தாமதமாகக் கிளம்பியவர்கள் வழியில் அவள் வாசலில் நின்று, அடி விழுந்துவிட்டதா, இல்லை இனிமேல்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். இன்னும் விழவில்லை என்றால் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பால் ஊற்றுகிறவர்கள் அவள் கன்னத்தைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டினார்கள். வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டினார்கள், அவர்களும் பார்த்துவிட்டு, பெண் சிவப்பாய் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுடைய ஆத்தாள் மட்டும் ஒருநாள் கொட்டகை முதலாளி மயில்சாமியிடம் போய், படத்தை ஓட்டுங்கள், அந்த ஒன்ஸ் மோரையாவது விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்றார் அவர். சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஒருத்தரும் கெட்டவர் இல்லை. வயிறு எரிவதே அதனால்தான்.

நூறு நாள் ஓடிப் படம் பெரிய கொட்டகைகளை விட்டு இறங்கி, சின்ன ஊர்களுக்குப் போய், சந்தைப்பேட்டை டென்ட்டுகளுக்குப் போய், ரீல் கிழிந்து கோடு கோடாகி, ஒருவழியாய் நின்றபோது பாவாத்தாளுக்கு மூச்சு வந்தது. அந்த இடைவெளியில் அவளுக்குக் கல்யாணம் ஆனது, மாவு மில் வைத்திருந்த ரங்கநாதனோடு. ஆனால் சினிமா நிற்கிற சாதியா, அது வீடியோ டெக்காகி வந்தது, கல்யாண வீட்டில் வாடகைக்கு எடுத்த டெக்கில் அடித்தது, டவுன் பஸ்ஸில் டிவி வைத்தார்கள், ஈரோட்டுக்கும் கோபிக்கும் நடுவில் எங்கேயோ போகிற பஸ்ஸில் அடித்தது, கேபிள் வந்தது, கேபிளுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படம் வந்தது, சிடி வந்தது, செல்போன் வந்தது, செல்போனில் யூடியூப் வந்தது, அப்புறம் எவனோ ஒருத்தன் அந்த அடியை மட்டும் மூன்று செகண்டுக்கு வெட்டி, வாட்ஸ்அப்பில் வாயாடும் கூட்டாளிக்கு அனுப்புகிற ஸ்டிக்கராக ஆக்கிவிட்டான், அது அனுப்பினவன் மறந்து தூங்கின பிறகும் தன்பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தது. சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் எத்தனையோ பேர். அவள் அதை எழுதவில்லை, வாங்கினாள். தொண்ணூற்றொன்பதில் இடது காது கேட்காமல் போனது.

ரங்கநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்டாட்டி மேல் கை நீட்டாத மனுஷன் என்று மாரப்பாளையத்தில் அவருக்கு நல்ல பெயர். உண்மைதான், நீட்டியதே இல்லை. வீட்டில் ஒரு பேச்சு முற்றினால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார், தெருக்கோடியில் இருந்த கேபிள்காரரிடம் போய், பழைய படம் ஒன்று போடுங்கள், ‘மஞ்சக்காட்டு மாப்பிள்ளை’ பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வரும்போது அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். ஐயோ பாவம், படம் போட்டுவிட்டானா என்று கேட்டு அவரே தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுப்பார். இது அவளுக்குத் தெரிய வந்ததே அவர் செத்துப் பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான். கேபிள்காரர் வந்து, அண்ணனுக்குப் பிடித்த படத்தை அவர் நினைவாகப் போடட்டுமா என்று கேட்டபோது.

அவளை அடித்த கதைக்கு வருகிறேன். ஊரில் ஆளெடுத்தபோது, கறுப்பாக லட்சணமாக இருக்கிறாள் என்று அவளைப் பிடித்துப்போட்டார்கள். காட்சி எடுத்த அன்று மூன்று தரம் நடித்தார்கள். மூன்று தரமும் கதாநாயகன் ரூபசேகரன் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் கையை வீசினார், மூன்று தரமும் கை வருகிறது என்று தெரிந்து பாவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். டைரக்டர் சோமநாயகத்துக்குத் திருப்தி இல்லை. ரூபசேகரனைத் தனியே கூப்பிட்டு, நிஜமாகவே வைத்துவிடுங்கள், அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டாம், அப்போதுதான் முகம் உண்மையாக இருக்கும் என்றார். அது அவர்கள் தொழிலில் சகஜமாம். அந்த ரகசியம் ரகசியமாகவா இருந்தது? லைட் பிடித்தவர்களுக்குப் போனது, கயிறு கட்டி நிறுத்தியிருந்த ஊர் ஜனத்துக்குப் போனது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு, தேர் நிலை பெயரும்போது நிற்பதுபோல நின்றார்கள். சூரிய வெளிச்சத்தை அவள் முகத்துக்குத் திருப்புகிற வெள்ளைப் பலகையைப் பிடித்திருந்தவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் சின்னுசாமி. அவனுக்கும் தெரியும். பலகை ஆடவே இல்லை.

சினிமாக் கம்பெனியில் முடி திருத்துகிற ரோசலின் அக்கா மட்டும் பக்கத்தில் வந்து, அவள் இடது காதிலிருந்த கம்மலை மெதுவாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எதற்கென்று பாவாத்தாள் கேட்டாள். வெயிலுக்கு மின்னுகிறது என்றாள் அக்கா. கம்மல் குத்தி ரூபசேகரன் கை கிழிந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கழற்றினார்கள் என்பது அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அடி விழுந்து, காதுக்குள் தேனடை கலைந்த மாதிரி இரைந்து, மஞ்சள் தழையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தபோது, ஊர் கை தட்டியது. பிற்பாடு சோமநாயகம் கொடுத்த பேட்டிகளில் எல்லாம், அந்தக் கிராமத்துப் பெண் என்ன இயல்பாக நடித்தாள் தெரியுமா என்று அவளைப் புகழ்ந்தே பேசினார். புகழ்ந்தபடியே காலமானார், அவர் பெயரில் அறக்கட்டளை வந்தது.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து முகிலரசன் வந்தார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் காட்சி ஊடகம் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர், நாற்பத்தைந்து வயது, கதர்ச் சட்டை, மென்மையான பேச்சு. சினிமாவின் நூறு வருஷச் சரித்திரத்தைக் கதை இல்லாமல், நடிகர் இல்லாமல், பழைய படங்களின் துண்டுகளை மட்டும் ஒட்டவைத்து ஒரு வீடியோ கட்டுரையாகச் செய்துகொண்டிருந்தார். ‘கையும் கன்னமும்’ என்று பெயர். எல்லா மொழியிலும் பெண்களை அறைந்த காட்சிகளாகச் சேர்த்து வைத்திருந்தார், நாலாயிரம் சேர்ந்துவிட்டதாம். இப்படி ஒரு கன்னம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர், மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த பாவாத்தாளுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் எங்கிருந்தோ இரண்டு அடி விழுந்தது. மிளகாய்ப் பொடி ஒட்டிய கன்னத்தில் அடி விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகிலரசன் கண்ணாடியைக் கழற்றி அழுதார். அவள்தான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

நல்ல மனுஷன் என்று நம்பி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கம்மலைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள், தெருக்கோடி டீயைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. இதுவரை விழாத மாதிரி விழுந்தது. எடிட்டிங் என்பது முன்னே இழுத்து, பின்னே இழுத்து, ஒரு துளி வெட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்கிற வேலை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? முன்னே ஓடும்போது அடி வெளியிலிருந்து உள்ளே போனது, பின்னே ஓடும்போது உள்ளிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு நின்றது, சாப்பாட்டு வேளை. இரண்டு மணிக்கு மறுபடி. ஊரில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இந்தப் படம் ஏதோ பெரிய விழாவுக்குப் போகிறதாம், முகிலரசன் சார் நம் ஊரைப் பற்றித்தான் எடுக்கிறாராம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார்கள். அண்ணன் சின்னுசாமி ஐஸ் கட்டி வாங்கிவந்து, துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, நாற்பது தேசத்தில் காட்டப்போகிறார்களாம் என்றான். பல்லில் ரத்தம் கசிந்த மூன்றாம் நாள், பாவாத்தாள் ஐஸ் துணியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினாள்.

எடிட்டிங் அறை குளிர்ந்துகிடந்தது. திரையில் அவளே பத்தொன்பது வயதில், பாதி திரும்பிய முகத்தோடு நின்றிருந்தாள். முகிலரசன் பதறி எழுந்து நாற்காலி போட்டார். அவள் எதிரில் இருப்பதால் பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இதுவும் ஒரு மரியாதைதான்.

இந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள் என்றாள் முதலில். அவர் முடியாது என்று சொல்லவில்லை, அப்படிப்பட்டவர் இல்லை. நாலாயிரம் அடியில் இன்றைக்கும் நிஜமாக விழுகிற அடி இது ஒன்றுதான், கட்டுரையின் உயிரே இதில்தான் இருக்கிறது, காட்டாமல் எப்படி அம்மா உலகத்துக்குப் புரியவைப்பது, இது உங்களுக்காகத்தானே என்றார். நூறு தரம் திரும்பத் திரும்ப வரும்படி செய்திருந்தாராம், பார்க்கிறவர்கள் கூசிப்போக வேண்டுமாம்.

பாவாத்தாள் யோசித்தாள். சினிமா நிற்காது என்பது அவளுக்கு இந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் தெரிந்த பாடம். இவர் எடுத்துவிட்டால் இன்னொருத்தர் போடுவார். அதனால் அவள் இரண்டாவதாக ஒன்று கேட்டாள். வாழ்க்கையில் தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த இரண்டும்தான்.

“சரிங் சார், போட்டுக்கோங்க. ஆனா அடிக்கச் சொன்னது யாரு, தெரிஞ்சே நின்னது யாருன்னு பேரும் சேத்துப் போடோணும். அடி போற எடத்துக்கெல்லாம் பேரும் போகோணும். இத்தன வருசமா அது ஒத்தையா வந்து என்ற மேலயே விழுகுது.”

முகிலரசன் கையைப் பிசைந்தார். அந்தக் காட்சிக்கு அனுமதி கொடுத்திருப்பது சோமநாயகம் அறக்கட்டளை, அந்தப் பெயருக்குக் குறை வராமல் பயன்படுத்துவதாக இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை விடுங்கள், அது சின்ன விஷயம் என்று அவரே சொன்னார். பெரிய விஷயம் வேறே.

“தனி மனிதர்களைக் குற்றம் சொல்றதில்ல அம்மா என் நோக்கம். அது பிரச்சினைய சின்னதாக்கிடும். இது ஒரு அமைப்பு. அந்த அமைப்பத்தான் நான் கேள்வி கேக்கறேன்.”

“அமைப்பு வந்து என்னய அடிக்கலீங் சார். கைதான் அடிச்சுது. அந்தக் கைக்குப் பேரு இருக்குது.”

முகிலரசன் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார். மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். வழியில், நூறை ஏழாகக் குறைத்துவிடுகிறேன் என்றார். ஏழுக்கும் சத்தமே இருக்காது, பின்னணிக் குரலும் இருக்காது, அந்த மௌனத்தில் பார்க்கிறவர்கள் தங்கள் மனசாட்சியைக் கேட்பார்கள் என்றார். தொண்ணூற்று மூன்று அடியைத் தள்ளுபடி செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பாவாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவும் முடியவில்லை, காறித் துப்பவும் முடியவில்லை.

முதல் காட்சியை மாரப்பாளையத்திலேயே போட வேண்டும் என்று முகிலரசன் ஆசைப்பட்டார். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கொங்கு மகால் கல்யாண மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டினார்கள். நானூறு பேர் வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து திரைப்படச் சங்கத்துக்காரர்களும் அறக்கட்டளைக்காரர் ஒருவரும் வந்தார்கள். பாவாத்தாளுக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி, இடது பக்கம் முகிலரசன், பின்னால் சின்னுசாமி. பொன்னாடை போர்த்தினார்கள். மாதர் சங்கத்தினர் ஃப்ளாஸ்க்கில் ஐஸும் புதுத் துண்டும் தயாராக வைத்திருந்தார்கள், ஏழு அடி என்று சார் சொல்லியிருந்தாராம், ஏழு துண்டு இருந்தது. எவ்வளவு அனுசரணையான ஊர் பாருங்கள்.

கட்டுரை ஓடியது. எந்தெந்த நாட்டுக் கைகளோ எந்தெந்த நாட்டுக் கன்னங்களோ வந்து போயின. ஜனங்கள் முதலில் நெளிந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், சிலர் முறுக்கு தின்றார்கள். அப்புறம் திரை இருட்டி, சத்தமெல்லாம் அடங்கி, மஞ்சள் காடு வந்தது. ரூபசேகரன் கையை ஓங்கினார்.

முதல் அடி திரையிலும் நாற்காலியிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடிவந்த பெண்ணைப் பாவாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள். முகிலரசன் மனசாட்சிக்கென்று விட்டுவைத்த மௌனம் மண்டபம் முழுக்க இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் போனது.

“ஒண்ணு, ரூபசேகரன். அடிச்சது அவரு.”

இரண்டாவது விழுந்தது. “ரெண்டு, சோமநாயகம். அடிக்கச் சொன்னவரு. எங்கிட்டச் சொல்லாதீங்கன்னும் சொன்னவரு.” அறக்கட்டளைக்காரர் ஆபரேட்டரைப் பார்த்துக் கை காட்டினார். ஆபரேட்டருக்கு அந்தக் கை எதற்கென்று புரியவில்லை.

மூன்றாவது அடிக்கு ரோசலினின் பெயரைச் சொன்னாள், கம்மல் பத்திரமாக இருந்ததையும் சொன்னாள். நாலாவதற்கு, ஒன்ஸ் மோர் போட்ட கொட்டகை முதலாளி மயில்சாமி. அவர் பேரன் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தான்.

ஐந்தாவது விழுந்தபோது அவள் வாயோரத்தில் ரத்தம் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்தாள். “அஞ்சு, சின்னுசாமி. என்ற அண்ணன். வெளிச்சம் புடிச்சவன்.” பின்னாலிருந்து அவன், பாவா, ஊர் பார்க்குது என்றான். ஊர் அன்றைக்கும்தான் பார்த்தது.

“ஆறு, ரங்கநாதன். என்ற வீட்டுக்காரரு.” அது என்ன என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேபிள்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்திரண்டு வருஷமாக எந்த வழியாகப் படத்திலிருந்து அடி அவளிடம் வந்துகொண்டிருந்ததோ, அதே வழியாக அவள் குரல் அன்று படத்துக்குள் போய்விட்டது என்பதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தார்கள். ‘கையும் கன்னமும்’ இன்றைக்கு எந்தத் தேசத்தில் ஓடினாலும், எத்தனை தரம் சத்தத்தைக் குறைத்தாலும், அந்த மௌனம் வரும் இடத்தில் மாரப்பாளையத்துத் தமிழில் ஒரு பெண் குரல் எண்ணிக்கொண்டு போகிறது. வேறு பிரதி எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் கேட்கிறது. மொழி தெரியாதவர்கள் கீழே எழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறார்களாம், அதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஏழாவது அடி விழுந்தது. பாவாத்தாள் இடது பக்கம் திரும்பினாள். பக்கத்து நாற்காலிக்காரர் எழப் பார்த்தார், அவள் அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ஏழு, முகிலரசன்,” என்றாள். “வலிக்கும்னு தெரிஞ்சே போட்டவரு.”